கணக்குப் படிப்பிக்கப் போகும் பிள்ளைக்கு

உனக்கு நியமனம் கிடைத்த செய்தி வந்தது. முல்லைத்தீவுப் பக்கம், அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை, ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை கணிதம். தொலைபேசியில் உன் அம்மா அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாடக்குறிப்பு எழுதுவதையும் பாடத்திட்டத்தைத் தவணைகளாகப் பிரிப்பதையும் வவுனியா கல்வியியற் கல்லூரியில் உனக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். வன்னிப் பாடசாலைகளில் கணக்கோடு வாழ்ந்து கிழவனான மாமாவிடம் அதற்குமேல் சொல்ல மிஞ்சியிருப்பதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், பிள்ளை. தேவைப்படும்போது எடுத்துப் பார்.

1. சரியான விடைக்கும் "எப்படி வந்தது?" என்று கேள். நாங்கள் பெரும்பாலும் பிழையான விடைக்குத்தான் அப்படிக் கேட்கிறோம். அதனால் அந்தக் கேள்வி பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் பின்னக் கணக்கொன்றைச் சரியாகச் செய்து வைத்திருந்தான். "எப்படி வந்தது, தம்பி?" என்றேன். உடனே அழிறப்பரை எடுத்துவிட்டான். அழித்த வேகத்தில் தாள் கிழிந்து, அடுத்த பக்கத்து எழுத்து ஓட்டைக்குள்ளால் தெரிந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளை அவன். கேள்வி கேட்பவருக்கு முன்னால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதே பாதுகாப்பு என்று வாழ்க்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. பின்னம் படிப்பிப்பதற்கு முன் அவனைக் கேள்விக்கு அஞ்சாமல் நிற்கப் பழக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு நல்ல விடைகளைத்தான் முதலில் விசாரிப்பேன்.

இப்படிச் செய்துவந்தால், தவணை முடிவதற்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவார்கள். பிறகு உன்னைக் கேட்பார்கள். புத்தகத்தின் பின்பக்கத்து விடையையும் கேள்வி கேட்பார்கள். அன்றைக்குக் கோபப்படாதே. கணித வகுப்பில் அதிபருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான்: காரணம் காட்டினால் ஏற்கலாம், காட்டாவிட்டால் ஏற்க வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வேறு எந்த இடத்திலும் இவ்வளவு சமத்துவம் இலகுவில் கிடைக்காது.

2. வாய்ப்பாட்டை இகழாதே, வாய்ப்பாட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். மனனம் என்றாலே முகம் சுளிக்கும் காலம் இது. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி முழுவதும் பிள்ளைகளின் வாயில் இருந்தது. முந்திரி என்ற 1/320 வரை பின்னங்களைச் சிறுவர்கள் மனத்தாலேயே பெருக்கினார்கள். அந்தத் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1825ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணம் கணிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதி வைத்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து எடுத்து, மே 31இலிருந்து ஜூன் 1க்குப் போகும் இரவின் கிரகணத்தைக் கணித்தார். எழுதிப் பார்க்கவேயில்லை. தொடக்க நேரத்தில் அவருக்கு வந்த பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

அந்த மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் தான் செய்யும் கணிப்பின் அடிப்படை அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதியிருக்கிறார். 4 நிமிடமாகத் தொடங்கிய பிழை 52 நிமிடமாக ஏன் வளர்ந்தது என்று தேட நினைவு உதவாது. அதற்கு விளக்கம் வேண்டும். இன்றும் நம் வீடுகளில் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் வேறொன்று. பிள்ளைகள் வந்து எது சரி என்று கேட்பார்கள். ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு அவர்களைத் திருப்பிவிடு. ஒருமுறை வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்த சிறுமியிடம், "7 தர 8 மறந்துபோனால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "7 தர 5 முப்பத்தைந்து, 7 தர 3 இருபத்தொன்று, கூட்டினால் 56" என்றாள். இனி அவள் மறதிக்குப் பயப்படத் தேவையில்லை.

3. அஞ்சிய பிள்ளைக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டாகாது. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அதனால் உன் கையில் இருக்கும் அதிகாரம் மற்ற ஆசிரியர்களிடம் இருப்பதைவிடப் பெரிது. அதைப் பிரம்பாக்காதே. "மொக்கு" என்ற சொல் உன் வாயில் ஒருநாளும் வரக்கூடாது. தொடக்க காலத்தில் நான் முன்வாங்கில் இருந்த, அஞ்சாத பிள்ளைகளோடுதான் பேசினேன். அது இலகுவாக இருந்தது. பின்வாங்கில் இருந்தவர்கள் என்ன யோசித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4. உன்னைவிட நன்றாக அளக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போ. 2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வன்னியெங்கும் வீடுகள் எழுந்தன. வீட்டுக்காரரே முன்னின்று கட்டுவிக்கும் திட்டம் என்பதால் வளவுக்கு வளவு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். படிப்பை இடையில் விட்ட மேசன் ஒருவர் மூலையில் முளை அடித்து நூல் கட்டுவார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அடையாளம் போட்டுவிட்டுக் குறுக்கே நாடாவைப் பிடிப்பார். 5 அடி வந்தால் மூலை சரி. வராவிட்டால் முளையை அரை அங்குலம் நகர்த்தித் திரும்பவும் அளப்பார்.

அவரை நான் பத்தாம் வகுப்புக்குக் கூட்டி வந்தேன். மைதானத்து மணலில் செய்து காட்டினார். அவருடைய மகன் எப்போதும் கடைசி வாங்கில் இருப்பவன். அன்று நூலின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு எல்லோரும் வகுப்புக்குள் வந்தோம். 9உம் 16உம் 25 என்று பலகையில் எழுதி, அந்தக் கூட்டல் செங்கோண முக்கோணியில் மட்டும் ஏன் பொருந்துகிறது என்று நிறுவிக் காட்டினேன். மேசனும் வாங்கில் இருந்து கேட்டார். "பெரிய வீடென்றால் நான் 6, 8, 10 வைப்பேன், மாஸ்டர். நீளம் கூடினால் சின்னப் பிழையும் தெரியவரும்" என்றார். நானும் மாணவர்களும் அன்றைக்கு ஒன்றாகக் கற்ற பாடம் அது. தகப்பனின் கைத்தொழிலுக்கும் மகனின் கொப்பிக்கும் நடுவே கதவொன்று இருக்கிறது. அதை நீதான் திறக்க வேண்டும். பனையோலைப் பாய் இழைக்கும் பெரியம்மாவிடமும், கரைவலை இழுத்து மீன் பங்கு பிரிக்கும் சம்மாட்டியிடமும் கேட்டுப் பார். அவர்களிடமும் வகுப்புக்கு உதவும் கணக்கு நிறைய இருக்கும்.

5. பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப் போ. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, அக்கராயன், பாவற்குளம் என்று வன்னியில் ஏதாவதொரு குளம் கிட்டத்தில் இருக்கும். இரணைமடுவை எடுத்துக்கொள். திருத்த வேலைகளுக்குப் பிறகு 36 அடி நின்றால் குளம் நிறைந்துவிட்டது என்று கிளிநொச்சியில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அடியைச் சொன்னால் ஆழம்தான் தெரியும். நீர்ப்பாசனக்காரர் தண்ணீரை ஏக்கர் அடியில் கணக்கிடுவார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி.

காலபோகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளம்தான். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் அத்தனைக்கும் காணாது. எவ்வளவு விதைக்கலாம் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தை உன் வகுப்பில் நடத்து. வயலுக்கு விடக்கூடிய தண்ணீர் 40,000 ஏக்கர் அடி என்று வைத்துக்கொள்ளச் சொல். நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி தேவை என்று வைத்தால் 10,000 ஏக்கர்தான் விதைக்கலாம். வயல் 20,000 ஏக்கர் என்றால் ஆளுக்குப் பாதி. இதுவரை எல்லோரும் பேசாமல் எழுதுவார்கள். பிறகுதான் பாடம் தொடங்கும். என் வகுப்பில் 10 ஏக்கர்க்காரருக்கு 5, 2 ஏக்கர்க்காரருக்கு 1 என்று பலகையில் எழுதியபோது ஒருத்தி எழும்பி, "1 ஏக்கரில் விதைத்து அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும், சேர்?" என்றாள். குத்தகைக்கு வயல் செய்பவருக்குப் பங்கு யார் கொடுப்பது என்று இன்னொருவன் கேட்டான். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை.

நீ நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதே. விகிதம் பங்கைச் சொல்லும். அந்தப் பங்கு நியாயமா என்று அது சொல்லாது. இந்த எல்லையை மாணவர்களுக்கு மறைக்காமல் காட்டு. "கணக்குப்படி இதுதான்" என்று வாயடைக்கிறவர்கள் அவர்கள் வாழ்க்கையில் பலர் வருவார்கள். எது கணக்கு, எது கணக்குத் தொடங்குமுன் யாரோ எடுத்துவைத்த முடிவு என்று பிரித்துப் பார்க்க இப்போதே பழகட்டும்.

6. வட்டிப் பாடத்தை அவசரமாக முடிக்காதே. வினாத்தாளில் அதற்கு எத்தனை புள்ளி என்று பார்க்காதே. ஊரில் அதற்கு என்ன விலை என்று பார். நுண்கடன் கொடுப்பவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்த காலத்தில் ஒரு தாய் தன் கடன் அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். கிழமைக்கு 1,200 ரூபாய் வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். "வட்டி வருசத்துக்கு 25 வீதம் என்றார்கள், மாஸ்டர். கட்டக் கட்ட ஏன் இப்படி மூச்சு முட்டுது?" என்று கேட்டார்.

இருவரும் இருந்து எழுதிப் பார்த்தோம். 1,200 தர 52 என்றால் 62,400. வட்டி 12,400. 50,000க்கு அது ஏறத்தாழ 25 வீதம்தான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் முதல் கிழமையிலிருந்தே அவர் காசைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பாதி வருசம் போனபோது அவர் கையில் இருந்த கடன் காசு ஏறக்குறைய பாதி. கடைசி மாதத்தில் சில ஆயிரம் மட்டும். சராசரியாகப் பார்த்தால் அவர் வருசம் முழுவதும் பயன்படுத்தியது சுமார் 27,000 ரூபாய். அதற்குக் கட்டியது 50,000 ரூபாயின் வட்டி. குறைந்துபோகும் மீதிக்கு வட்டி பார்த்தால் வருசத்துக்கு 45 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. அந்தத் தாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுச் செலவையும் தோட்டக் கணக்கையும் ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்த மனுசி. இந்தக் கணக்கை மட்டும் அவருக்கு யாரும் விரித்துக் காட்டியிருக்கவில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்கும் அளவுக்கு இந்தச் சுமை வளர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்யவை. செய்யும்போது கடன் வாங்கிய தாய்மாரைப் பற்றி ஒரு சொல்லும் இளக்காரமாக வரக்கூடாது. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அந்த அட்டையை வீட்டில் பார்த்தவர்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊரில் சொல்வார்கள். கையெழுத்துப் போடுமுன் அளந்து பார்க்கத் தெரிந்தால் அந்தப் பிள்ளை தன் தாய்க்கும் துணையாக இருக்கும்.

7. ஆட்களை எண்ணச் சொல்லும்போது கவனமாயிரு. ஆறாம் வகுப்பில் தரவு சேர்க்கும் பாடம். "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்பது மிக எளிய கேள்வி என்று நினைப்பாய். ஒரு சிறுமி விரல்களை மடித்துக்கொண்டு எழும்பி, "காணாமல்போன அண்ணாவையும் எண்ணலாமா, சேர்?" என்று கேட்டாள். "எண்ணு. எண்ணியிருக்கிறாய் என்பதைக் கீழே எழுது" என்றேன். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் தகப்பன், செஞ்சோலைச் சிறுவர் இல்லத்தில் தங்கிப் படித்த அக்கா, போரில் போனவர்கள். அன்றைய சலாகை வரைபைவிட அதன் கீழ்க் குறிப்பு நீளமாக இருந்தது. யாரை எண்ணினோம், யாரை விட்டோம் என்று எழுதாத வரைபை நம்பக்கூடாது என்று அந்த வகுப்புக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நம் மண்ணில் செய்யப்பட்ட மிகக் கனமான கணக்கு ஒரு கழித்தல். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை அதை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. கணக்குப்படி 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல். அந்த மிச்சத்தை அவர் இறந்தவர்கள் என்று சொல்லவில்லை. கணக்கில் வராத இவர்களுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார். எண்களை எங்கிருந்து எடுத்தார் என்றும் சொன்னார். பிழையென்று நினைப்பவர் எந்த எண் பிழை என்று காட்டலாம். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்காமலும், தெரிந்ததில் ஒருவரையும் விட்டுவிடாமலும் பேசுவதைத்தான் நான் கணித ஒழுக்கம் என்கிறேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய, காணாமல்போனவர்களின் தாய்மாரும் கையில் ஒவ்வொரு படமாகப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

இதை வகுப்பில் பயிற்சியாகக் கொடுக்காதே, பிள்ளை. அந்த மிச்சத்துக்குள் யாருடைய தகப்பன் இருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. ஆனால் கழித்தல் படிப்பிக்கும் ஒவ்வொரு நாளும் இது உன் நினைவில் இருக்கட்டும்.

8. நீயும் படித்துக்கொண்டே இரு. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கரோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே அட்சரகணித நூலொன்றைத் தமிழில் அச்சேற்றினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் நம்மவரான கணிதவியலாளர் எலியேசர் கேம்பிரிட்ஜ் போய் இயற்பியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தார். இன்று பொறியியல் படிக்கக் கிளிநொச்சி அறிவியல்நகர் இருக்கிறது. பம்பைமடு வளாகம் 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. விடுமுறையில் அங்கே போய் நூலகத்தில் இரு. உனக்கே விடை தெரியாத கணக்கொன்றைப் பலகையின் மூலையில் எழுதி வை. ஒரு கிழமை அழிக்காதே. பிள்ளைகள் கேட்டால் "எனக்கும் இன்னும் வரவில்லை" என்று சொல். ஆசிரியர் ஒருவர் தடுமாறி, அழித்து, திரும்ப முயல்வதைப் பார்த்த வகுப்பில், தடுமாறும் பிள்ளை தன்னைத் தாழ்வாக நினைக்காது.

9. நீயும் ஒருநாள் இடமாற்றம் கேட்பாய். அது பாவமில்லை, வீடு தூரம், அம்மாவுக்கும் வயது போகிறது. தவணை நடுவில் மட்டும் போகாதே. போகுமுன் ஒரு கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு வரி எழுதி, அடுத்து வருபவருக்கென்று அதிபரிடம் கொடு. புள்ளிகளை எழுத வேண்டாம், அவை பதிவேட்டில் இருக்கும். எந்தப் பிள்ளை மறை எண்ணில் தடக்குகிறது, எந்த உதாரணம் சொன்னபோது விளங்கியது, யாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் வாய் திறக்கும், மார்கழி மழைக்கு ஆறு பெருகினால் யார் வரமாட்டார்கள், யாருடைய வீட்டில் இரவில் படிக்க வெளிச்சம் இல்லை. வருகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ முதல் நியமனத்தில் வரும் சின்னப் பிள்ளையாக இருக்கலாம். ஆறுதலாக, தெளிவான கையெழுத்தில் எழுது.